வண்டி நிறுத்துமிடத்தில் தாய்ப்பூனையும் மூன்று குட்டிகளும்: மழைக்கு முன் மீட்பது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கம் வாசி

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், மோட்டார் அறைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் பழைய கதவுகளுக்கு இடையே, ஒரு மூவண்ணப் பூனை மூன்று குட்டிகளை ஈன்று வளர்த்து வருகிறது. குட்டிகள் இப்போது வெளியே ஓடிவந்து விளையாடுகின்றன. கண்கள் இன்னும் நீலமாகவே இருக்கின்றன. நான் வைக்கும் மீன் சோற்றைத் தாய் தின்கிறது என்றாலும், நான்கு அடிக்குள் நெருங்கினால் காதுகளை மடித்துச் சீறுகிறது. அதைப் பார்த்துக் குட்டிகளும் சீறத் தொடங்கிவிட்டன. அடைமழை பிடித்தால் அந்த மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதால், அதற்குள் நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நேற்று அவசரப்பட்டு ஒரு குட்டியைக் கையால் பிடிக்கப்போய், புறங்கையில் நகக்கீறல் வாங்கியதுதான் மிச்சம். ஏறக்குறைய மூன்று வாரங்கள் உள்ளன. தாயின் நம்பிக்கையைப் பெறும்வரை காத்திருப்பதா, அல்லது இப்போதே கூண்டு வைப்பதா?

பதில் 1: மொட்டைமாடிக்காரர்

ஒரு முறை பிடிக்க முயன்றதால் எல்லாம் கெட்டுவிடவில்லை. ஆனால் இன்னொரு முறை அப்படிச் செய்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும், அது எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

எப்போதும் உணவு கிடைக்குமாறு வைக்காமல், காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில் வையுங்கள். வைப்பதற்கு முன் தட்டைக் கரண்டியால் இரண்டு முறை தட்டுங்கள். ஒரு வாரத்தில் அந்த ஓசைக்கே அது எழுந்து வரும். வைத்துவிட்டு நகராமல், தட்டிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதரைவிட உட்கார்ந்திருப்பவரைப் பூனை விரைவில் ஏற்கிறது. உற்றுப் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பது. அது உங்களைப் பார்க்கும்போது கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறவுங்கள். இது பூனைப் பிரியர்களின் கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு கண்சிமிட்டிய மனிதரை நோக்கிப் பூனைகளும் கண்ணைச் சுருக்கியதும், அவர் நீட்டிய கையை நோக்கி வர அதிகம் முற்பட்டதும் பதிவாகியுள்ளன.

தூரத்தைக் குறைப்பது அதன் வேலையாக இருக்கட்டும். நீங்கள் நகர வேண்டாம். தட்டை மட்டும் நாளுக்கு அரையடி உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள். தின்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால் முந்தைய நாள் இடத்துக்குத் தட்டைத் திருப்பி வைக்கவும். வாலைச் செங்குத்தாக உயர்த்தியபடி உங்களை நோக்கி வரும் நாள்தான் திருப்புமுனை. அதற்கு முன் தொட முயல வேண்டாம்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பல பூனைகள் மயங்கிப் புரளும். கூண்டுக்குள் அதைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பி இருக்க வேண்டாம். எங்கள் மாடிக்கு வந்த ஒரு பூனை வேரை மோந்து பார்த்துவிட்டு, வேகவைத்த மத்தி மீனிடமே திரும்பிப் போய்விட்டது.

பதில் 2: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

பூனையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கையைப் பற்றிப் பேச வேண்டும். தெருப்பூனையின் நகக்கீறலை, அது குட்டியே ஆனாலும், சாதாரணமாக விடக்கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ பூசாமல், இன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். அங்கே கட்டணம் இல்லை. இனிமேல் தடித்த கையுறையும் துவாலையும் இல்லாமல் குட்டியைத் தூக்க வேண்டாம்.

கண் நீலம் மாறவில்லை, ஆனால் ஓடி விளையாடுகின்றன என்றால், வயது ஏறக்குறைய ஐந்து வாரம் இருக்கும். பிடித்தபின் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஐந்து வாரக் குட்டி சுமார் 500 கிராம் இருக்க வேண்டும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஏற்படும். காய்ச்சல் என்று நினைத்து யாராவது பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது கொல்லும் நஞ்சு.

பதில் 3: கூண்டுக்காரர்

முதல் பதிலுடன் எனக்கு உடன்பாடு பாதிதான். தாயைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் பூனைக்குட்டி மனிதரை எளிதில் ஏற்கும் பருவம் இரண்டாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரம் வரைதான். தாயைச் சமாதானப்படுத்த மூன்று வாரம் காத்திருந்தால், குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிவிடும். தாயிடம் கற்ற சீறல் பழக்கமாகவே நிலைத்துவிடும். ஆகவே பத்து நாட்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கூண்டை இன்றே கொண்டுபோய் அங்கே வையுங்கள். கதவு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தட்டை முதலில் வாசலிலும் பிறகு நாள்தோறும் சற்று உள்ளேயும் தள்ளுங்கள். தாய் முதல் முறை முழுதாக உள்ளே போன அன்றே கதவை விழவிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முறை உள்ளே தின்று பழகட்டும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவு உணவு வைக்காதீர்கள், காவலாளியிடமும் சொல்லி வையுங்கள். (எங்கள் தெருவில் ஒரு நல்ல மனிதர் விடியற்காலையில் வைத்த தயிர்சாதத்தால் ஒரு முழுநாள் உழைப்பு வீணானது.) குட்டிகள் முதலில் அகப்பட்டால் அவற்றைக் கூடையில் வைத்து, கூண்டின் பின்புறம் ஒட்டினாற்போல் நிறுத்துங்கள், அவற்றின் குரல் கேட்டுத் தாய் உள்ளே வரும். கதவு விழுந்த நொடியில் கூண்டு முழுவதையும் துணியால் மூடுங்கள். மூடாவிட்டால் அது கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும்.

மடிப்பாக்கம் வாசி

மூவருக்கும் நன்றி. ஊசி போடத் தொடங்கிய நாள் உட்பட மூன்று தவணை முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டு குட்டிகள் தட்டின் ஓசைக்குத் தாமாகவே கூடைக்குள் வந்தன; அரை மணியில் தாயும் கூண்டுக்குள் அகப்பட்டது. மூன்றாவது குட்டி மோட்டார் அறைச் சுவரிடுக்கில் ஒளிந்துகொண்டது. தாயின் கூண்டை அருகே வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, இரவு பதினோரு மணிவரை காத்திருந்த பிறகுதான் வெளியே வந்தது. நான்கும் இப்போது எங்கள் சிறிய குளியலறையில் இருக்கின்றன. குட்டிகள் மடியில் ஏறிவிட்டன. தாய் இன்னும் சீறுகிறது, ஆனால் நான் உட்கார்ந்திருக்கும்போதே தின்கிறது. நேற்று ஒருமுறை கண்ணைச் சுருக்கியது போலத் தோன்றியது. இரவில் ஒரு கடுவன் பூனை ஜன்னலுக்கு வெளியே வந்து கத்துகிறது. தாய்க்குக் கருத்தடை எப்போது செய்யலாம்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

குட்டிகள் எட்டு வாரம் கடந்து, பால்குடி மறந்து, தாய்க்குப் பால் வற்றியதும் செய்துவிடலாம். அதுவரை அந்த ஜன்னலை மூடியே வையுங்கள். பாலூட்டும் காலத்திலும் பூனை சினையாகும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அதே கூண்டில், அதே துணியை மூடி எடுத்துச் செல்லுங்கள்.