மறு: ‘பேஸிங்’, ‘வாஷ்’, ‘டிரைபிரஷ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளின் சிற்றுருக்களுக்கு (மினியேச்சர்) வண்ணம் தீட்டும் நம் வேலைக்கான தமிழ்ச் சொற்பட்டியலுக்கு வந்த முன்மொழிவு இது:

> பேஸ் = அடித்தளம், பேஸிங் = அடித்தளமிடல், வாஷ் = கழுவல், டிரைபிரஷிங் = உலர்தூரிகையிடல். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

மறுப்பு இருக்கிறது ஐயா. நான்கும் அகராதியைப் புரட்டி ஆக்கியவை. தூரிகை பிடிக்கிறவர்கள் ஒரு நாளும் சொல்லமாட்டார்கள். ‘சிற்றுரு’ நல்ல சொல், அதில் தகராறு இல்லை.

‘கழுவல்’தான் மிக மோசம். இந்த வேலையில் உண்மையாகவே ஒரு கழுவல் உண்டு. ரெசினில் வார்த்த சிற்றுருக்களின் மேல் அச்சிலிருந்து பிரித்தெடுப்பதற்காகத் தடவிய பிசுக்கு ஒட்டியிருக்கும். பழைய டூத்பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு அதைத் தேய்த்துப் போக்கினால்தான் பிரைமர் (வண்ணம் ஒட்டிப்பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) பிடிக்கும். அதற்கும் கழுவல், வண்ணம் ஏற்றுவதற்கும் கழுவல் என்றால், புதிதாக வருகிறவர் தீட்டி முடித்த எலும்புக்கூட்டுப் படையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்விடுவார்.

வாஷ் என்ன செய்கிறது என்று பாருங்கள். எலும்பு நிறத்தில் அடிவண்ணம் பூசிய எலும்புக்கூட்டின் மேல் நீர்த்த பழுப்பைத் தாராளமாகத் தடவுகிறோம். விலா எலும்பின் மேட்டில் அது நிற்பதில்லை. வழிந்துபோய் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில், கண்குழியில், விரல் மடிப்பில் தங்குகிறது. காய்ந்ததும் அங்கெல்லாம் இருட்டு, மேடெல்லாம் வெளிச்சம். வண்ணத்தில் வெறும் தண்ணீரைக் கலந்தால் இது சரியாக வராது. பரப்பு இழுவிசையால் முத்துமுத்தாகத் திரண்டு, காய்ந்தபின் வளையம் வளையமாகக் கறை விடும். அதனால்தான் மீடியம் (வண்ணத்தை நீர்க்கவைக்கும் நிறமற்ற திரவம்) சேர்ப்பது. பாதத்தருகே குளமாகத் தேங்கினால், காய்வதற்குள் ஈரத்தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுக்கவேண்டும். ஆக, இடுக்கைத் தேடிப் போகிற சாயம் இது. ‘இடுக்குச்சாயம்’ என்பது என் பரிந்துரை.

முன்பு ஒருவர் ‘நிழற்சாயம்’ என்றார். காதுக்கு இனிமைதான். ஆனால் வெண்கலக் கவசத்தின் மேல் பச்சைநீலத்தை ஓடவிட்டுக் களிம்பு ஏறியதுபோலக் காட்டுவதும் இதே முறை. அங்கே நிழலே கிடையாது. இடுக்குச்சாயம் இரண்டுக்கும் பொருந்தும்.

டிரைபிரஷ் இதற்கு நேர் எதிர். தூரிகையில் எடுத்த வண்ணத்தைக் காகிதத்தில் துடைத்துத் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் ஆனபிறகு உருவத்தின் மேல் முன்னும் பின்னும் தேய்க்கிறோம். முடியிழை, சங்கிலிக் கவசம், பாறை விளிம்பு என்று துருத்திக்கொண்டிருப்பது மட்டும் வண்ணத்தைப் பறித்துக்கொள்ளும். கை செய்வது உரசுவது. ‘உரசல்’ போதும். “கருப்பின் மேல் வெள்ளியை உரசு” என்றால் யாருக்குப் புரியாது? இரண்டு பேருக்கு நடுவிலான மனக்கசப்பையும் உரசல் என்கிறோமே என்பீர்கள். போர் விளையாட்டுக்காரர்களுக்கு அது பழக்கம்தான்.

பிரைமரை விட்டுவிடுவோம். எல்லார் வாயிலும் இருக்கிறது. ‘அடிப்பூச்சு’ என்று மாற்றினால், பிரைமருக்கு மேல் முதலில் பூசும் வண்ணமான பேஸ்கோட்டோடு குழம்பும். பேஸ்கோட்டுக்கு ‘அடிவண்ணம்’ இருக்கட்டும்.

இனி பேஸ், அதாவது சிற்றுருவின் காலடியில் ஒட்டும் சிறு அடித்தட்டு. கட்டடத்துக்கு அடித்தளம், இணையத்துக்குத் தளம், இதற்கும் தளமா? ‘வட்டு’ என்று வந்த யோசனையும் உதவாது. 1983இல் வந்த வார்ஹாமர் போர் விளையாட்டில் வீரர்கள் சதுரத்தின் மேல் நின்றார்கள். 2015இல் அதன் வழிவந்த ஏஜ் ஆஃப் சிக்மார் வட்டத்துக்கு மாறியது. 2024இல் தி ஓல்ட் வேர்ல்ட் சதுரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. வடிவத்தைப் பெயரில் வைத்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்லை மாற்றவேண்டும். சிலை எதன்மேல் நிற்கிறதோ அது ‘பீடம்’. மடத்து வாசனை அடிக்கிறது என்று தயங்கவேண்டாம்.

பேஸிங் என்பது பீடத்தைப் பொருத்துவது அல்ல, பீடத்தை மண்ணாக்குவது. வெள்ளைப் பசை தடவி மணலில் முக்கி, காய்ந்தபின் நீர்த்த பசையை இன்னொரு முறை விட்டு மணலைப் பூட்டுகிறோம். இல்லாவிட்டால் உரசும்போது மணல் தூரிகையோடு வந்துவிடும். பிறகு அடர்பழுப்பு, அதன்மேல் வெளிர்பழுப்பு உரசல், கார்க் பட்டையைப் பிய்த்துவைத்த பாறை, புல். நிலைமின்னூட்டம் ஏறிய நைலான் இழை பசையில் விழும்போது படுக்காமல் எழுந்து நிற்கும். அந்தப் புல்லை ‘நிமிர்புல்’ எனலாமா என்றும் கேட்டுவைக்கிறேன். சதுரப் பீடத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. வரிசையில் பக்கத்து வீரனோடு விளிம்பு முட்டி நிற்கவேண்டும். பாறையோ புல்லோ வெளியே நீட்டினால் அணி சேராது.

வரப்பு கட்டுகிறோம், கூரை கட்டுகிறோம். அப்படியே ‘நிலங்கட்டு’. பெயராகவும் வரும், வினையாகவும் வரும்: “குதிரைப்படைக்கு நிலங்கட்டு பாக்கி”, “ஈட்டிக்காரனுக்கு நிலங்கட்டியாச்சு”. ‘அடித்தளமிட்டாச்சு’ என்று யாராவது சொல்லிப் பாருங்கள்.

———

அன்பருக்கு,

இடுக்குச்சாயம், உரசல் இரண்டுக்கும் என் ஓட்டு. நிலங்கட்டில் மட்டும் வேறுபடுகிறேன். நிலம், அதில் முளைக்கும் செடி, கிடக்கும் கல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ‘திணை’ இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘திணையமைப்பு’ என்று வைக்கலாமே. மணலும் முள்ளும் ஒட்டினால் பாலை, பாசியும் பாறையும் என்றால் குறிஞ்சி. பெயர் வைக்கும்போதே வண்ணத் தேர்வும் முடிந்துவிடும்.

———

நிலங்கட்டைச் சொன்ன எனக்கும் திணையைக் கைவிட மனமில்லை. ஆனால் “திணையமைத்தாச்சு” என்று பசை ஒட்டிய விரலோடு யாரும் சொல்லமாட்டார்கள். தவிர, இந்தப் படைகளில் பாதி எரிமலைக் குழம்பின் மேலும் உறைபனியின் மேலும் நிற்பவை. ஐந்தில் எதில் சேர்ப்பீர்கள்?

வேறொரு இடம் அதற்குக் காலியாக இருக்கிறது. நாற்பது உருவம் இருந்தாலும் படை முழுவதற்கும் ஒரே மண், ஒரே புல் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்கிறோம். தீட்டியதில் ஆளுக்கு ஆள் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், மேசையில் வைக்கும்போது ஒரே படையாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். இதை ‘பேஸிங் தீம்’ என்கிறோம். அதைப் ‘படைத்திணை’ ஆக்கிவிடலாம். “உன் படைக்கு என்ன திணை?” “பனி.” ஐந்துக்குள் அடங்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

பட்டியலில் இப்படி ஏற்றுங்கள்: பீடம், நிலங்கட்டு, படைத்திணை, அடிவண்ணம், இடுக்குச்சாயம், உரசல். நிமிர்புல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ‘கிளேஸ்’ என்பதை இடுக்குச்சாயத்தோடு சேர்த்துவிடவேண்டாம். அது இடுக்குக்கு ஓடாமல், மேற்பரப்பெல்லாம் ஒரே சீராக நிற்கவேண்டிய மெல்லிய படலம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.