வேலியோரக் கொடிக்கு எதை ஊன்றலாம்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைப் பற்றி நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைவதெல்லாம் நம் வேலி மேல்தான் மோதும். பக்கத்து வீட்டுச் சேச்சி கம்பிவலை வேலியிலேயே பாகலை ஏற்றிவிட்டார். இலை அடர்ந்ததும் வேலி பாய்மரம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு ராத்திரிக் காற்றில் இரண்டு கல்கால் சாய்ந்தன. எங்கள் வீட்டில் வேலியை விட்டு இரண்டடி உள்ளே தள்ளித் தனியாகக் கால் ஊன்றியிருக்கிறோம். பின்பக்கம் போய்க் காய் பறிக்கவும் வசதி.

அப்புறம், கொடி எதைக்கொண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். பாகலும் பீர்க்கையும் கணுவிலிருந்து சுருளும் பற்றிழை விட்டுப் பிடிப்பவை. தடித்த சவுக்குக் கட்டையை அந்த இழையால் சுற்றிப் பிடிக்க முடியாது. கட்டைக்குக் கட்டை கயிறோ மெல்லிய கம்பியோ இழுத்துக் கொடுத்தால் தானாக ஏறும். அவரை, சங்குப்பூ எல்லாம் தண்டையே சுற்றிக்கொண்டு போகும். நேராகத் தொங்கும் ஒரு கயிறு போதும். புடலைக்கு வேலி சரிப்படாது. ஆளுயரப் பந்தல் போட்டால்தான் காய் நேராகத் தொங்கும்.

கயிறு என்றால் எனக்குத் தேங்காய் நார்க்கயிறுதான். காய்ப்பு ஓய்ந்ததும் கொடியோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். நைலான் வலையிலிருந்து காய்ந்த கொடியைப் பிரித்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும்.

---

அண்ணா, மிளகை விட்டுவிட்டீர்களே! நான் செங்கோட்டை. மலை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் வேலி மரத்திலேயே மிளகு ஏற்றியிருப்பார்கள். கணுவில் விடும் வேரால் ஒட்டி ஏறுவதால் அதற்குச் சொரசொரப்பான பட்டை வேண்டும். வெறும் பிளாஸ்டிக் குழாயில் வழுக்கும். முள்முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் துளிர்த்துவிடும். ஆனால் 2000-களின் நடுவில் இலையிலும் தண்டிலும் முடிச்சு உண்டாக்கும் குளவி வந்து அந்த மரங்களை வாட்டியது. அதனால் நான் வேலியோரம் கிளைரிசிடியா மரம்தான் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் கிளை கழித்துவிட்டால் மிளகுக்கு வெளிச்சம், ஆட்டுக்குத் தழை. கொடியை மரத்துக்கு வடபுறமாக நடுங்கள், தெற்கு வெயில் சுடாது.

---

நான் கம்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே திராட்சைப் பந்தல் பிரிக்கிற தோட்டங்களில் பழைய கல்தூண் கேட்டுப் பார்க்கலாம். கரையானும் தொடாது, துருவும் பிடிக்காது. தூக்கிப் போக மட்டும் ஆள் வேண்டும். ஏற்று இறக்குக் கூலியைச் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள்.