பார்க்கிங் ஃபைன்: செக்கையும் கவுண்டரையும் மூடிவிட்டு கியூஆர் மட்டும் போதுமா?

சதுரங்கம்: பார்க்கிங் ஃபைனுக்கு இங்கிலாந்து கவுன்சில்கள் (உள்ளூராட்சி அமைப்புகள்) இன்னும் செக் வாங்குவதே வீண்வேலை. பின்பக்கத்தில் ஃபைன் நோட்டீஸ் எண் எழுதாத செக், எந்த வண்டிக்கு என்று தெரியாமல், யாருடையது என்று புரியாத பணத்தைப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கும். நோட்டீசில் அச்சடித்த கியூஆரை ஸ்கேன் செய்தால் எண் தானாக வந்து உட்காரும். கவுண்டரும் வேண்டாம்.

வடலி: நோட்டீசை காரின்ர கண்ணாடியில வச்சிட்டுப் போறாங்கள். அதே மாதிரி உறையில கள்ள கியூஆர் வைக்க எவ்வளவு நேரம்? பார்க்கிங் மெஷினில போலி ஸ்டிக்கர் ஒட்டினதால, 'எங்கட மெஷினில கியூஆரே இல்லை' எண்டு சில கவுன்சில்கள் எச்சரிச்சது தெரியாதோ? 'கவ் டாட் யூகே' (gov.uk) எண்டு முடியிற சின்ன அரசாங்க இணைய முகவரியை அச்சடியுங்கோ. நோட்டீஸ் எண்ணோட வண்டி நம்பரையும் கேளுங்கோ, ரெண்டும் பொருந்தினாப் பிறகு காரின்ர படத்தைக் காட்டுங்கோ. தப்பான நோட்டீசுக்குக் காசு போகாது.

சதுரங்கம்: சரி, கியூஆரை விடுங்கள். கவுண்டர் எதற்கு?

வடலி: கவுண்டரைக் கேக்கேல்லை. கடைகளில பில் கட்டுற சேவையான பேபாயிண்டின்ர பார்கோடை நோட்டீசில போட்டா மூலைக்கடையில காசாக் கட்டலாம். வங்கி கார்டு இல்லாத சனமும் இருக்கு.

பேரேடு: ரெண்டு பேரும் வாசலிலேயே நின்று சண்டை போடுகிறீர்கள். கோளாறு உள்ளே. லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் கடுமையான மீறலுக்கு 70 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 35. நோட்டீஸ் வைத்த நாளே முதல் நாள்: 1ஆம் தேதி வைத்தால் 14ஆம் தேதியோடு சலுகை முடிந்தது. கட்டணப் பக்கம் மறுநாளிலிருந்து எண்ணினால் 15ஆம் தேதியும் 35 வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு நோட்டீசையும் பின்தொடரும் கவுன்சிலின் வழக்கு மென்பொருளோ அதைப் பாதிப் பணமாக எடுத்துக்கொண்டு மீதிக்குத் துரத்தும்.

அடுத்தது இரவுக் கோப்பு, அதாவது அன்று வந்த பணத்தின் பட்டியலை இரவில் வழக்கு மென்பொருளுக்கு அனுப்பும் கோப்பு. கார்டில் பணம் போய்விட்டது, அந்தக் கோப்பு வழியில் சிக்கிவிட்டது என்றால் மென்பொருள் கணக்கில் நீங்கள் கட்டவே இல்லை. 28 நாள் கழிந்ததும் உரிமையாளருக்குக் கடிதம், அப்புறம் பாதித் தொகை கூடி 105, அதற்கும் மேலே, கட்டாத ஃபைனைக் கடனாகப் பதியும் நார்தாம்டன் நீதிமன்ற மையம். பணம் ஏற்கப்பட்ட நொடியிலேயே வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். காலையில் கார்டு நிறுவனம், வங்கி, வழக்கு மென்பொருள் மூன்றின் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய கடிதங்களை அச்சுக்கு அனுப்பவே கூடாது.

சதுரங்கம்: அப்படியானால் பேபாயிண்ட்டும் சிக்கல்தானே? 35 என்று தொகை பதித்த பார்கோடு 16ஆம் நாளும் கடையில் ஓடும்.

பேரேடு: தொகையைப் பதிக்காதீர்கள், எண் மட்டும் போதும். தொகை எவ்வளவு, எந்தத் தேதிவரை என்பதைப் பார்கோடுக்குப் பக்கத்திலேயே எழுத்தில் போடுங்கள்.

வடலி: இன்னொண்டு. காசு கட்டினா வழக்கு முடிஞ்சுது, பிறகு ஆட்சேபிக்க ஏலாது. காகிதத்தில அது தெளிவா இருக்கு. ஃபோனில பாத்தா 'கட்டு' பெரிய பச்சைப் பொத்தான், 'ஆட்சேபி' அடியில சாம்பல் எழுத்து! ரெண்டும் ஒரே அளவில வராத வரைக்கும் நான் காகிதப் பக்கம்தான்.

சதுரங்கம்: பொத்தானை மாற்ற ஒரு மணி நேரம் போதும். அதைச் சாக்காக வைத்து செக்கைக் காப்பாற்றாதீர்கள்.