எக்ஸ்டி60 கனெக்டர்ல ஈயம் ஒட்டவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

கேள்வி:
சால்டரிங்குக்கு நான் ரொம்ப புதுசு. 12 கேஜ் தடி வயர்ல எக்ஸ்டி60 (பேட்டரிக்கு போடற மஞ்ச கனெக்டர்) போடணும், கைல இருக்கறது 25 வாட் அயர்ன், ஊசி மாதிரி டிப். அரை மணி நேரமா போராடறேன், ஈயம் உருண்டை உருண்டையா கீழ விழுது, மஞ்ச பிளாஸ்டிக் இளகி ஒரு பின்னு சாஞ்சே போச்சு, வயரை லேசா இழுத்தா கையோட வருது. டிப்புல ஈயத்தை உருக்கி எடுத்துட்டு வந்துதான் வைக்கிறேன், அப்படித்தானே?

பதில் 1:
அதுதான் தப்பே ப்ரோ. நீங்க எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஈயத்துக்குள்ள இருக்கற ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவற பொருள்) புகையா போயிடுது, அப்புறம் எப்படி பிடிக்கும்? பின்னும் வயரும் சூடாகி அந்த சூட்டுல ஈயம் உருகணும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள்ளயே உருகிடும், ஆனா அவ்ளோ தடி வயரு சூட்டை அப்படியே உறிஞ்சிடும், 25 வாட் தாங்காது. 60 வாட் அயர்ன், தட்டை டிப், 380 டிகிரி வச்சு நாலஞ்சு செகண்ட்ல முடிச்சிடுங்க. பயந்து பயந்து கம்மி சூட்டுல ரொம்ப நேரம் வச்சாதான் பிளாஸ்டிக் இளகும். முதல்ல வயர் நுனிக்கு தனியா ஈயம் பூசிடுங்க, பின்னோட குழில பாதிக்கு ஈயம் உருக்கிட்டு வயரை உள்ள இறக்கி, ஆறுற வரைக்கும் மூச்சு விடாம பிடிங்க. இன்னொரு பக்க கனெக்டரை செருகி வச்சுட்டு பண்ணா பின்னு சாயாது.

பதில் 2:
சூடு பட்டா சுருங்கி மூடிக்கற ஷ்ரிங்க் ட்யூபை மொதல்லயே வயர்ல மாட்டி தள்ளி விட்டுடுங்க, நான் எத்தனை தடவை மறந்து திரும்ப கழட்டியிருக்கேன்னு எனக்கே தெரியாது. பேட்டரி பக்கம்னா ஒரு வயரை முடிச்சு மூடிட்டுதான் அடுத்ததோட நுனியை சீவணும், ரெண்டும் தொட்டுச்சுன்னா அவ்ளோதான். பைப்புக்கு போடற ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், வயரை அரிச்சிடும், ரோசின் ஃப்ளக்ஸ் போதும்.

கேள்வி கேட்டவர்:
நண்பன்கிட்ட 60 வாட் வாங்கி பண்ணேன், இழுத்தாலும் வரல! ஆனா மேல பளபளப்பு இல்லாம மங்கலா இருக்கே?

பதில் 1:
லெட் ஃப்ரீ (காரீயம் கலக்காத) ஈயம்னா மங்கலாதான் இருக்கும், விடுங்க. 60/40ன்னா ஆறும்போது கை ஆடியிருக்கு, கொஞ்சம் ஃப்ளக்ஸ் தொட்டு இன்னொரு தடவை சூடு காட்டுங்க.