தன்மேற்கோளைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்

நிரலன்: கணினி அறிவியல் பேராசிரியர் ஒருவரைக் குறிப்பிட்டு, "எச்-இன்டெக்ஸ் 40-ஐத் தாண்டியவர், ஆகவே இத்துறையில் அவர் சொல்வதே முடிவு" என்று நண்பர் ஏட்டுச்சுவடி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைகள் மற்றக் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் மதிப்பெண்தானே அது! அந்த நாற்பதில் அவர் தம்மைத் தாமே சுட்டிச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்பதைக் கழித்துச் சொல்லுங்கள். பிறகு மாலை மரியாதை செய்யலாம்.

ஏட்டுச்சுவடி: ஏன் கழிக்க வேண்டும்? ஒரே சிக்கலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்பவர், தம் முந்தைய கட்டுரையைச் சுட்டாமல் வேறு யாருடையதைச் சுட்டுவார்?

நிரலன்: சுட்டட்டும், எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். அவருடைய அண்மைக் கட்டுரையின் முன்னுரையைத் திறந்து பாருங்கள்: "இது குறித்து ஏற்கெனவே ஆராயப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிக்குப் பின் ஏழு மேற்கோள் எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன, ஏழும் அவருடையவை. 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், போலி ஆய்வுக் கட்டுரைகளைத் தானே எழுதித்தள்ளும் எஸ்சிஐஜென் நிரல் கக்கிய நூற்றுச் சொச்சம் பொருளற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று சுட்ட வைத்து, ஐக் அன்ட்கரே என்ற இல்லாத மனிதருக்குக் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் 94 என்ற எச்-இன்டெக்ஸை வாங்கிக் கொடுத்தாரே, அந்த அன்ட்கரே சொல்வதும் முடிவுதானா?

முல்லைக்கொடி: ஐயா, எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்த ஹிர்ஷின் வரையறைப்படி, தலைக்குக் குறைந்தது 40 முறை சுட்டப்பட்ட 40 கட்டுரைகள் இருந்தால்தான் 40 கிடைக்கும். தன்மேற்கோள் மொத்த எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் அளவுக்கு இந்தக் குறியீட்டைப் பெருக்காது என்று அவரே அக்கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

நிரலன்: வரையறை வகுப்புக்கு நன்றி, அம்மையாரே. கழித்த எண் எங்கே?

தரவுக்கிளி: இதழ்களை மட்டும் பார்க்கும் பட்டியல்களில் மாநாட்டுக் கட்டுரைகள் விடுபட்டுப் போகும்; கணினி அறிவியலிலோ நல்ல ஆய்வுகள் பலவும் மாநாட்டில்தான் முதலில் வெளிவருகின்றன. டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய டிபிஎல்பி என்ற கணினி அறிவியல் கட்டுரைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நிரலன்: மாநாடாம்! கணினி அறிவியல் முன்னோடி டைக்ஸ்ட்ரா, இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்ன கட்டுரை 1959-இல் மூன்றே பக்கத்தில் இதழில்தான் வந்தது. தன்னையே ஏழு முறை சுட்ட அதில் இடமேது?

ஏட்டுச்சுவடி: உங்கள் கட்டுரையை ஒரு மாநாடு திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே உங்களுக்கு மாநாடு என்றால் ஆகாது என்பதை இங்குள்ள பழையவர்கள் அறிவார்கள்.

நிரலன்: அதை மதிப்பிட்டவர் தம் கட்டுரைகள் மூன்றைச் சுட்டச் சொன்னார், நான் மறுத்தேன், இப்படித்தான் நாற்பதுகள் விளைகின்றன.

தரவுக்கிளி: மதிப்பிடுபவர் பெயரே தெரியாத முறையில், அவை அவருடைய கட்டுரைகள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நிரலன்: மூன்றுக்கும் ஒருவரே ஆசிரியர் என்றால் வேறு யாராக இருக்க முடியும்? பேச்சை மாற்றாதீர்கள், கழித்த எண்ணைக் கேட்டு ஒரு நாள் ஆகிறது.

ஏட்டுச்சுவடி: தரமாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே உட்கார்ந்து கழித்துக்கொள்ளுங்கள்.