உதவி: குளிர்ல சைக்கிள் எஞ்சின் ஸ்டார்ட் ஆகல (அவசரம்)

அவசரம்_77
சைக்கிள்ல மாட்டுன எஞ்சின். இத்தனை நாள் நல்லா ஓடுச்சு, குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து காலைல மிதிச்சு மிதிச்சு கால் போகுது. பதினோரு மணிக்கு மேல தானா புடிச்சுக்குது. சோக் (கார்புரேட்டர்ல காத்தை அடைக்கற தகடு) போட்டுப் பார்த்தாச்சு. பெட்ரோல் இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கம்பிச்சக்கரம்
என்ன எஞ்சின்? டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா? எத்தனை சிசி? பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்களா, ஈரமா இருக்கா காஞ்சிருக்கா?

ஸ்பானர்_மண்டை
ப்ரோ ரொம்ப சிம்பிள். பிளக்கைக் கழட்டி கேஸ் அடுப்புல ஒரு நிமிஷம் காட்டுங்க. சூடு ஆறுறதுக்குள்ள மாட்டி மிதிங்க. முதல் மிதியிலயே புடிக்கும்.

டொராண்டோ_டூஸ்ட்ரோக்
குளிர் காத்து அடர்த்தி கூட. அதே ஜெட்டுக்கு (கார்புரேட்டரில பெட்ரோல் வாற துளை) காத்து கூடப் போனால் பெட்ரோல் பத்தாமல் போகும். மெயின் ஜெட் 70 எண்டால் 75 போடுங்கோ. பெட்ரோல் அளவை மாத்திற ஊசியில இருக்கிற கிளிப்பையும் ஒரு வெட்டுக் கீழ இறக்குங்கோ. இங்க மைனஸ் 8இல அப்பிடித்தான் ஓடுது.

மெதுவா_போ
ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடிட்டு ஒன்றரைச் சுத்து திறங்க. குளிர்ல அதுதான் முதல் வேலை.

பழைய_கார்புரேட்டர்
சைக்கிள்ல மாட்டற எஞ்சின் கிட்டோட வர்ற என்டி மாடல் கார்புரேட்டர்ல ஏர் ஸ்க்ரூன்னு ஒண்ணு கிடையாது சார். பக்கவாட்டுல இருக்கறது ஐடில் ஸ்க்ரூ, காத்து வழியைத் திறந்து மூடற ஸ்லைடைத் தூக்கி நிறுத்தறதோட அதோட வேலை முடிஞ்சுது. ஒருதரம் கழட்டிப் பார்த்திருந்தா தெரியும். கேட்டவர் ஊரைச் சொல்லல, எஞ்சினைச் சொல்லல. அதுக்குள்ள மூணு பேர் ஜாதகமே இல்லாம பொருத்தம் பார்த்துட்டீங்க.

மெதுவா_போ
அவர் கிட்டுன்னு எங்க சொன்னார்? நீங்க மட்டும் ஜாதகம் பார்த்தீங்களா?

அவசரம்_77
சாரி. 66 சிசி டூ ஸ்ட்ரோக் கிட், பெட்டியில 80ன்னு போட்டிருந்துச்சு. ஊர் ஊட்டி. பிளக் கருப்பா ஈரமா இருக்கு. ஆயில் லிட்டருக்கு 60 மில்லி, கூட வந்த பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு.

கம்பிச்சக்கரம்
எத்தனை டேங்க் ஓடியிருக்கு? பிளக் கிட்டோட வந்ததேவா?

அவசரம்_77
ஏழெட்டு டேங்க் இருக்கும். ஆமா, அதேதான்.

பழைய_கார்புரேட்டர்
ஊட்டிங்கறதை முதல் வரியிலயே எழுதியிருக்கணும். கேஸ் இங்கேயே தலைகீழா மாறுது.

ஊட்டி 2,240 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குதான். குளிர் காத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும், உண்மைதான். ஆனா 5 டிகிரி ஊட்டிக் காத்து 30 டிகிரி சென்னைக் காத்தைவிட இன்னமும் ஆறுல ஒரு பங்கு மெல்லிசு. ஜெட் அதே ஜெட், காத்து கம்மி. அதனால உங்க எஞ்சின் பெட்ரோல் பத்தாம தவிக்கல, குடிச்சுக் குடிச்சு மூழ்குது. 75 ஜெட் போட்டா பிளக் இன்னும் கருக்கும்.

60 மில்லி புது எஞ்சினைப் பழக்கறதுக்கு. நாலஞ்சு டேங்குக்கு அப்புறம் லிட்டருக்கு 40 மில்லி போதும். உங்க பிளக்குல இருக்கறது பாதி எரியாத ஆயில். அந்தப் படலத்து வழியாவே கரண்ட் கசிஞ்சு போயிடும், பொறி வராது. வெயில் ஏறினா பெட்ரோல் நல்லா ஆவியாகும், அரைகுறைப் பொறியிலயும் புடிச்சுக்கும். பதினோரு மணி ரகசியம் அவ்வளவுதான்.

ஸ்பானர்_மண்டை
அப்ப அடுப்புல காட்டினா அந்தப் படலம் எரிஞ்சு போகும்தானே? நான் சொன்னது சரிதான்.

பழைய_கார்புரேட்டர்
ஒருதரம் போகும், மறுநாள் திரும்ப வரும். சூடு பிளக்கை அலுமினிய ஹெட்ல இறுக்கினா மரை போகும். புது பிளக்கை விட ஹெட் விலை அதிகம்.

கம்பிச்சக்கரம்
இன்னிக்கு ராத்திரியே செய்யற மாதிரி சொல்றேன். கிட்ல வர்ற இசட்4சி பிளக்கைத் தூக்கிட்டு என்ஜிகே பி6ஹெச்எஸ் போடுங்க, இடைவெளி 0.6 மிமீ. பிளக் கேப்பைத் திருகிக் கழட்டி ஒயர் நுனியில அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு மறுபடி திருகுங்க, கிட் கேப் உள்ள தொடுப்பே சரியா இருக்காது. சிடிஐ (பிளக்குக்குக் கரண்ட் அனுப்பற பெட்டி) ஒயர் ஜாயின்ட்ல டேப் சுத்தியிருந்தா பிரிச்சுத் துடைங்க, பனி ஈரம் அங்கதான் உக்காரும். வெள்ளை ஒயர்ல லைட் எடுத்திருந்தா கழட்டிட்டு நுனியை மூடி வைங்க.

ஊசிக் கிளிப் நாலு வெட்டுல எங்க இருக்குன்னு பாருங்க. ஒண்ணு மேல ஏத்துங்க. கிளிப் மேல போனா ஊசி கீழ இறங்கும், பெட்ரோல் குறையும்.

மிதிக்கறதுக்கு முன்னாடி உள்ள தேங்கினதை வெளியேத்தணும். பெட்ரோல் டேப் மூடி, பிளக்கைக் கழட்டி, சோக்கைத் திறந்து, ஆக்ஸிலேட்டர் முழுசா, கிளட்சைப் பிடிக்காம பத்து இருபது சுத்து மிதிங்க. பிளக் ஒயரைத் தனியா ஒதுக்கி வைங்க, ஓட்டை பக்கம் பொறி வரக்கூடாது.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு சோக் நெம்புகோலை மேல தூக்கிப் பாருங்க, தகடு முழுசா மூடுதா? கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் கிண்ணத்துப் பக்கம் இருக்கற பொத்தானை ரெண்டு செகண்ட் அமுக்கினா போதும், சொட்டுற வரைக்கும் வேண்டாம். ஒரு இறக்கத்துல உருட்டி, வேகம் வந்ததும் கிளட்சை விடுங்க. புடிச்ச 15, 20 செகண்ட்ல சோக் பாதி, ஒரு நிமிஷத்துல முழுசாத் திறந்திருக்கணும். சோக்கோடயே ரெண்டு தெரு ஓட்டினா நாளைக்கும் இதே பிளக்தான்.

டொராண்டோ_டூஸ்ட்ரோக்
ஊட்டி எண்டு ஆருக்குத் தெரியும்? 75 ஜெட் கதையை விட்டுடுங்கோ. எங்கட இடம் ஏரிக்கரை, உயரம் இல்லை.

சட்டம்_தெரியும்
25 சிசிக்கு மேல போனாலே மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். 66 சிசிக்குப் பதிவும் லைசன்ஸும் எங்க?

மூணு_ரூபா_மோர்
எல்லாத்துக்கும் காரணம் பெட்ரோல்ல கலக்கற எத்தனால். அது ஆவியாக பெட்ரோலைவிட நிறைய சூடு வேணும். குளிர்ல எப்படிப் புடிக்கும்? அளவுக் குழாய்ல 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி ஊத்திக் குலுக்கி வைங்க, கீழ தண்ணி கோடு 25ஐத் தாண்டும். அத்தனையும் தண்ணி கலந்த பெட்ரோல்!

கம்பிச்சக்கரம்
அந்தச் சோதனை காட்டறது எத்தனால் இருக்குங்கறதைத்தான், தண்ணி கலந்திருக்குங்கறதை இல்ல. தண்ணியை ஊத்தினதே நீங்கதான். பெட்ரோல்ல இருந்த எத்தனால் அதோட இறங்கி வந்துடுச்சு. வாரக்கணக்கா நிறுத்தின வண்டின்னா டேங்க்ல ஈரம் சேர்ந்து குளிர்ல கீழ பிரியும், அது வேற. இவர் தினமும் ஓட்டறார்.

மூணு_ரூபா_மோர்
தினமும் ஓட்டினா எத்தனால் ஆவியாகிடுமா?

பழைய_கார்புரேட்டர்
எத்தனால் மட்டும்தான் காரணம்னா பிளக் இப்படிக் கருத்திருக்காது. ஈரமா கருப்பா இருக்குன்னு அவரே எழுதியிருக்கார். தனி இழை போட்டுக்குங்க ஐயா.

அவசரம்_77
பிளக் மாத்தி, கிளிப் ஒண்ணு மேல ஏத்தினேன். இன்னிக்கு ரெண்டாவது தடவை கிளட்ச் விட்டதும் புடிச்சுது. சோக் தகடு பாதிதான் திறக்குது, ஒயர் ஒண்ணு இடிச்சுது, நகர்த்திட்டேன். நன்றி எல்லாருக்கும். ஜெட்டையும் 65 ஆக்கிடலாமா?

கம்பிச்சக்கரம்
முழு ஆக்ஸிலேட்டர்ல புகை தள்ளி விட்டு விட்டு அடிச்சா மட்டும் மாத்துங்க. 65 போட்டுட்டு மேட்டுப்பாளையம் இறங்கக் கூடாது. கீழ காத்து அடர்த்தி, பெட்ரோல் பத்தாம பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும். இறங்கறப்ப ஆக்ஸிலேட்டரை மூடி எஞ்சின் பிரேக்லயும் போகாதீங்க. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடதான் வருது, மூடினா ரெண்டும் நிக்கும். கிளட்ச் லிவரைப் பூட்டிட்டு சைக்கிள் மாதிரி இறங்குங்க, பிரேக் ரெண்டும் முன்னாடியே பார்த்துக்குங்க.

பழைய_கார்புரேட்டர்
புது பிளக் ரெண்டு நாள் ஓடினதும் என்ன நிறம்? ஆயிலை 40க்குக் குறைச்சாச்சா இல்லையா?

பழைய_கார்புரேட்டர்
தம்பி?