வெடி சத்தத்துக்கு மிரளுற சாரட்டு குதிரை, அடிச்சா சரியாகுமா?

தண்டையார்பேட்டை பையன்:
எங்க பெரிப்பா கல்யாண ஊர்வலத்துக்கு சாரட்டு வண்டி விடுறாரு, ரெண்டு குதிரை. பழசுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, புதுசா வாங்குன வெள்ளை குதிரை பேண்டு செட்டு வரைக்கும் தாங்குது ஆனா மண்டபத்து வாசல்ல பத்தாயிரம் வாலா கொளுத்துனா போச்சு, பின்வாங்கி முன்னங்கால தூக்குது. பெரிப்பா திமிருன்னு சாட்டைய எடுக்குறாரு, பாக்க மனசு கேக்கல. ஆராய்ச்சி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, அவர்கிட்ட பேசணும்.

வேப்பேரி வெட் ஸ்டூடண்ட்:
தம்பி அது திமிரு இல்ல, பயம். மிரண்டா குதிரை ஓடத்தான் பாக்கும், வண்டில பூட்டியிருக்கு, ஓட வழியில்லாம எழும்புது. அப்போ போய் அடிச்சா வெடி சத்தம் வந்தா வலியும் வரும்னு தான் அதுக்கு பதியும், பயம் இன்னும் ஏறும். டென்மார்க்ல 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, 27 ரெண்டு வயசு ஆண் குதிரைங்க, ஆட்டி காட்டுனது ஒரு வெள்ளை நைலான் பை. சில குதிரைக்கு நேரடியா காட்டி தானா பழகட்டும்னு விட்டாங்க, சிலதுக்கு தீனியோட சேத்து, சிலதுக்கு கொஞ்சம் கொஞ்சமா. கொஞ்சம் கொஞ்சமா காட்டுனதுங்க தான் கம்மியா மிரண்டு சீக்கிரம் பழகுச்சு, அதுல எல்லா குதிரையும் தேறிடுச்சு, மத்த ரெண்டுல சிலது கடைசி வரைக்கும் தேறல. அதனால வெடி சத்தத்த போன்ல புடிச்சு கொட்டாய்ல ரொம்ப மெல்லமா போடுங்க, தலைய தாழ்த்தி நிம்மதியா புல்லு மென்னா மட்டும் அடுத்த நாள் துளி ஏத்துங்க, காது விறைச்சா உடனே கொறைங்க.

ராயபுரம் பெரியவர்:
அந்த காலத்து ஜட்கா குதிரை எல்லாம் அடி வாங்கி தான்மா பழகுச்சு, சிலை மாதிரி நிக்கும்.

வேப்பேரி வெட் ஸ்டூடண்ட்:
நிக்கும் ஐயா, ஆனா நிக்கிறத வெச்சு பயம் இல்லன்னு சொல்ல முடியாது. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் ட்ரென்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க 2013ல முடி வெட்டுற மெஷின வெச்சு பாத்தாங்க, துள்ளுன குதிரைக்கும் அடங்கி நின்ன குதிரைக்கும் எச்சில்ல இருக்குற கார்டிசால்ங்குற பதட்ட ஹார்மோன், கண்ணு சூடு எதுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. வெளிய அமைதி, உள்ள அதே பதட்டம். தம்பி, நீயே பாக்கலாம், தாடைக்கு கீழ ரத்தக்குழாய்ல விரல் வெச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கு, சும்மா இருக்குற பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28லருந்து 44 வரைக்கும் தான் இருக்கணும்.

தண்டையார்பேட்டை பையன்:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. பழைய குதிரைய பக்கத்துல கட்டி பழக்குனா ஒதவுமா?

வேப்பேரி வெட் ஸ்டூடண்ட்:
நல்லாவே ஒதவும். அதே டென்மார்க் டீம் 2008ல பாத்தாங்க, பழகுன அமைதியான குதிரை கூட இருந்தா புது குதிரை கம்மியா மிரளுது, இதயத்துடிப்பும் கொறையுது, அப்புறம் தனியா விட்டப்பவும் அந்த பலன் இருந்துச்சு. அதுவரைக்கும் புக்கிங் எடுக்கும்போதே சொல்லிடுங்க, வண்டி தள்ளி போன அப்புறம் தான் வாலா கொளுத்தணும்னு.